பச்சைப் புள்ளி டின்கள்

அத்தியாயம் 4

"என் மருமகன் ஒரு மண்ணாங்கட்டி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கெட்டவர் இல்ல. அதுலயும் எனக்குச் சந்தேகம் இல்ல."

காரின் பின் சீட்டில் இருந்த நர்ஸம்மா இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டை ஆட்டிப் படைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று வேளை கொடுத்துத்தான் பழக்கம்.

"ரெண்டாவதை மட்டும் போலீஸ்ல சொல்லுங்கம்மா. முதலாவது நமக்குள்ள இருக்கட்டும்" என்றான் கொழுந்தன், ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி.

"தம்பி, ரோட்டைப் பாரு" என்றார் முன் சீட்டில் இருந்த அண்ணி.

இந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணி இருபத்தாறு வருஷம் தீ விபத்து சர்வேயராக இருந்தவர். எரிந்து முடிந்த கட்டடத்துக்குள் புகுந்து, தீ எந்த மூலையில் பிடித்தது, தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று கரியைப் பார்த்தே சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகும் மூக்கு சும்மா இருக்கவில்லை, துப்பறிய இறங்கிவிட்டார். கொழுந்தன் அவருடைய புருஷனின் தம்பி. ஏழு இடத்தில் வேலை பார்த்து ஏழிலும் வாயால் கெட்டவன், எட்டாவதாக அண்ணியிடம் வந்து ஒட்டிக்கொண்டான். சொந்தமாகப் போய்விட்டதால் விரட்ட முடியவில்லை என்று அண்ணி சொல்வார். விரட்டினால் கார் ஓட்ட ஆள் இல்லை என்று இவன் சொல்வான்.

"என் பொண்ணும் அங்கதான் வேலை பார்க்கிறா" என்றார் நர்ஸம்மா. "நாலு நாளா அழுதுக்கிட்டே ஷிஃப்டுக்குப் போறா. அவளுக்காகத்தான் உங்களைத் தேடி வந்தேன். அந்த ஆளுக்காக இல்ல, தெரிஞ்சுக்கோங்க."

தெரிந்துகொண்டார்கள். தொழிற்சாலை வாசலில் கார் நின்றபோது மணி ஒன்று பத்து.

விஷயம் இதுதான். அது குளிர்பானத்துக்கு அலுமினிய டின் செய்கிற தொழிற்சாலை. போன வாரம் குளிர்பானக் கம்பெனியின் கிடங்கில் பதினோரு டின்கள் தானாக ஒழுக ஆரம்பித்தன. ஊசி முனை அளவுக்கு ஓட்டை. குளிர்பானம் புளிப்பு. டின்னுக்குள் பூசிய பூச்சு எங்காவது விட்டுப்போனால், அந்த இடத்தில் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். பதினோரு டின்னின் அடியிலும் பச்சைப் புள்ளி இருந்தது. உள்பூச்சு அடிக்கிற மெஷின்கள் மொத்தம் ஆறு. எந்த டின்னை எது அடித்தது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் அடியில் புள்ளி வைக்கும். பச்சை என்றால் ஆறாவது மெஷின். அதை ஓட்டுகிறவர் நர்ஸம்மாவின் மருமகன். வேண்டுமென்றே கெடுத்ததாகத் திங்கட்கிழமை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டார். இன்று வியாழக்கிழமை.

மேனேஜர் அவர்களை நிற்க வைத்தே பேசினார். "மூணு மணிக்குப் போலீஸ் வரும், ஆளை ஒப்படைச்சிடுவேன். அதே மூணு மணிக்கு ரெண்டு லாரி சரக்கு கிளம்பணும். அதுக்குள்ள நீங்க எதையாவது கண்டுபிடிச்சா சந்தோஷம். கண்டுபிடிக்கலைன்னாலும் சந்தோஷம்."

"எப்பவும் சந்தோஷமா இருக்கிற மனுஷன்" என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

உள்ளே விடுவது இரண்டு பேரைத்தான் என்று காவலாளி கறாராகச் சொல்லிவிட்டார். நர்ஸம்மா வாசலிலேயே நின்றார்.

*

மருமகனை அட்டைப்பெட்டிக் கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள். ஒல்லியான மனிதர். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொன்ன பிறகும் நின்றார்.

"நான்தான் செஞ்சேன். எழுதிக் கொடுத்துட்டேனே" என்றார்.

"எதுக்குச் செஞ்சீங்க?"

"கோபம்."

"யார் மேல?"

அவர் யோசித்தார். "எல்லார் மேலயும்."

"எல்லார் மேலயும் கோபப்பட்டவர் பதினோரு டின்னோட நிறுத்திட்டாரா?" என்றான் கொழுந்தன். "எங்க அண்ணன் சும்மா கோபப்பட்டாலே வீட்டுல பதினஞ்சு பாத்திரம் போகும்."

அண்ணி அவனைக் கண்ணாலேயே அடக்கினார். "எப்படிச் செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க."

"பூச்சு வர்ற நாசிலைக் கொஞ்சம் அடைச்சேன்."

"பூச்சு அடிக்கும்போது டின் சும்மா நிக்குமா, சுத்துமா?"

"சுத்தும்மா. நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்து. கண்ணால பார்த்தா நிக்கிற மாதிரி இருக்கும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. தொழிலை நேசிக்கிறவன் அதைப் பற்றிப் பேசினால் மறைக்க முடியாது.

"அப்ப நாசில் அடைச்சா பூச்சு எந்த மாதிரி விட்டுப்போகும்?"

வெளிச்சம் பட்டென்று அணைந்தது. மருமகன் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். அண்ணி கதவை நோக்கித் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். இதோட விட்டுடுங்க. என் வீட்டுக்காரிகிட்ட எதுவும் பேசாதீங்க."

வெளியே வந்ததும் கொழுந்தன், "அண்ணி, மாட்டினவன் விட்டுடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்திருக்கேன். மாட்டினவன் மாட்டியே தீருவேன்னு கெஞ்சுறது இதுதான் முதல் தடவை" என்றான்.

"சுத்துற பாத்திரத்துல பூச்சு குறைஞ்சா வளையமாத்தான் குறையும், தம்பி. அது அவருக்கும் தெரியும். நாம போய் டின்னைப் பார்ப்போம்."

*

சோதனை அறையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். வெள்ளைக் கோட்டு அவளுக்கு இரண்டு அளவு பெரிது. ஒழுகிய சரக்கிலிருந்து மிச்சமிருந்த பச்சைப் புள்ளி டின்களில் தேடிப் பிடித்த இரண்டை அவள் குறுக்காக அறுத்து வைத்திருந்தாள்.

"மயில்துத்தக் கரைசலை உள்ளே ஊத்தி வைப்போம். பூச்சு இருக்கிற இடத்துல ஒண்ணும் ஆகாது. பூச்சு இல்லாம அலுமினியம் தெரியுற இடத்துல மட்டும் செம்பு படியும், சிவப்பாத் தெரியும். இதோ பாருங்க."

டின்னின் உட்புறச் சுவரில், வாயிலிருந்து இரண்டு அங்குலம் கீழே, ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு நேர் எதிர்ச் சுவரில் இன்னொன்று. இரண்டாவது டின்னிலும் அதே மாதிரி ஒரு ஜோடி. வளையம் எங்கேயும் இல்லை.

"நீங்க ரிப்போர்ட்டுல என்னன்னு எழுதினீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"பொட்டுன்னுதான் எழுதினேன் மேடம். மேனேஜர் சார் அதை அடிச்சிட்டு நாசில் கோளாறுன்னு எழுதிட்டார்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த அண்ணன் திங்கட்கிழமை ரெண்டு மணி நேரம் சண்டை போட்டார், என் மெஷின் சுத்தம்னு. சரி, நீங்களே பாருங்கன்னு இதைக் கையில கொடுத்தேன். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் முகமே செத்துப்போச்சு. 'நான்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டார்."

அண்ணி டின்னை வெளிச்சத்தில் பிடித்து, தன் சுண்டு விரலை அந்தப் பொட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மோதிர விரலை வைத்தார். மோதிர விரல் கச்சிதமாகப் பொருந்தியது.

"தம்பி, உன் விரலை வை."

கொழுந்தன் வைத்தான். பொட்டு முழுசாக மறைந்து, விரல் இரண்டு பக்கமும் வழிந்தது.

"இது விரல் நுனி" என்றார் அண்ணி. "சின்னக் கை. பூச்சு அடிக்கிறதுக்கு முன்னாடி யாரோ ரெண்டு விரலை உள்ளே விட்டு, விரிச்சுப் பிடிச்சுத் தூக்கியிருக்காங்க. விரல்ல ஏதோ பிசுக்கு இருந்திருக்கு. எண்ணெய் பட்ட தட்டுல தண்ணி ஒதுங்குற மாதிரி அந்த இடத்துல பூச்சு ஒதுங்கியிருக்கு."

சோதனைப் பெண் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் நாலு நாளா இதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்!"

"ஸ்ப்ரே பண்ற இடத்துல டின்னை எப்படித் தூக்குவாங்க?"

"வெளியே பிடிச்சுத்தான் மேடம். உள்ளே விரல் படவே கூடாது. அங்க ஒருத்தரும் படவும் மாட்டாங்க."

மணி ஒன்று ஐம்பது.

*

பிரிண்டிங் பகுதியில் காது கிழிகிற சத்தம். வெள்ளி மாதிரிப் பளபளத்த வெறும் டின்கள் வரிசை கட்டி வந்தன. ஒவ்வொன்றும் ஒரு உருளையில் மாட்டிக்கொண்டு சுற்றியது. நடுவில் ஒரு ராட்சசச் சக்கரம். அதன் ரப்பர் பட்டைகள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொரு மைத்தொட்டியிடமும் தன் பங்கை வாங்கிக்கொண்டு, எல்லா நிறத்தையும் ஒரே உருட்டலில் டின்மேல் இறக்கியது. அடுத்த நொடி இன்னொரு உருளை அதன்மேல் வார்னிஷைத் தடவியது. கொழுந்தனுக்கு வாய் பிளந்துவிட்டது. கண் இமைப்பதற்குள் நாற்பது ஐம்பது டின்கள் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டன.

ஃபோர்மேன் கத்திக் கத்தி விளக்கினார். நகமெல்லாம் சிவப்பு மை ஏறி, அது இனி குளித்தாலும் போகாது என்கிற நிலைக்கு வந்தவர்.

"கலர் மேல நேரா டிரிங்க்ஸோட ஐஸ் தண்ணி படும், லாரியில ஒண்ணோட ஒண்ணு உரசும். வார்னிஷ் இல்லைன்னா கடைக்குப் போறதுக்குள்ள மொட்டையாயிடும்!"

"அழகா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன், ஓரமாக வந்து விழுந்த ஒரு புது டின்னை எடுக்கக் கை நீட்டினான்.

"தொடாதே!"

ஃபோர்மேன் அவன் மணிக்கட்டைத் தட்டிவிட்ட வேகத்தில் கொழுந்தன் இரண்டடி பின்னால் போனான். "வெளியே தொடாதீங்க சார்! மை ஈரம், வார்னிஷ் ஈரம். அடுப்புக்குள்ள போய் வர்ற வரைக்கும் வெளிப்பக்கம் விரல் பட்டா அந்த டின் காலி. இப்படி எடுக்கணும்."

அவர் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் டின்னுக்குள் விட்டார். விரித்தார். டின் விரலோடு எழுந்து வந்தது.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷினே அப்படித்தான் தூக்குது பாருங்க." ஃபோர்மேன் மேலே காட்டினார். நீளமான சங்கிலி ஒன்று ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு ஊசியும் ஒரு டின்னின் வாய்க்குள் புகுந்து, வெளிப்பக்கம் எதன்மேலும் படாமல் அடுப்புக்குள் தூக்கிக்கொண்டு போனது. "புதுசா வர்றவங்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் இது. மேனேஜரே இங்க என்கிட்ட இப்படி ஆரம்பிச்சவர்தான்."

"உள்ளே விரல் படுதே, பரவாயில்லையா?" என்றார் அண்ணி.

"நாங்க எடுக்கிறது கலர் சரியான்னு பார்க்கிறதுக்கு மட்டும்மா. பார்த்துட்டுக் குப்பையில போட்டுடுவோம். அது உள்பூச்சுக்குப் போகவே போகாது."

"இங்கிருந்து உள்பூச்சுப் பகுதிக்கு யாரையாவது சமீபத்துல மாத்தினாங்களா?"

"ஒரே ஒரு ஆளு. மூணு வாரம் இருக்கும். ஒன்பது வருஷம் என்கிட்ட இருந்த பொண்ணு, தங்கமான கை. மை கழுவுற திரவம் பட்டுப்பட்டுக் கையெல்லாம் வெடிச்சுப்போச்சு, அதனால மாத்திட்டாங்க." ஃபோர்மேன் கொஞ்சம் தயங்கினார். "பாவம். இப்ப அவ புருஷனைத்தான் கிடங்குல உட்கார வச்சிருக்காங்க."

*

நடைபாதையில் சத்தம் குறைவு. கொழுந்தன் அண்ணியின் முன்னால் போய் வழியை மறித்து நின்றான். இவ்வளவு நேரம் இருந்த கிண்டல் அவன் முகத்திலிருந்து வடிந்துபோயிருந்தது.

"அண்ணி, வேணாம். நம்மகிட்ட வந்தது அந்தம்மா. மருமகனைக் காப்பாத்துங்கன்னு வந்தாங்க. நாம போய் அவங்க மகளைப் பிடிச்சுக் கொடுக்கப் போறோமா?"

"அவருக்கு இது தெரியும், தம்பி. அந்தப் பொட்டைப் பார்த்த உடனே பொண்டாட்டி விரல்னு தெரிஞ்சுக்கிட்டார். அதான் கையெழுத்துப் போட்டார்."

"அப்ப அவர் இஷ்டம். பெரிய மனசு. நாமளும் கொஞ்சம் பெரிய மனசா வாசல் வழியா வெளியே போயிடலாமே."

"திங்கட்கிழமை அவரை வெளியே எடுத்தாங்க. நாசிலை மாத்தினாங்க, பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைச்சாங்க. ஆனா அந்தப் பொண்ணு திங்கள், செவ்வாய், புதன், இன்னிக்கு நாலு நாளா அதே இடத்துல நிக்குது. அதே கையால எடுக்குது. மூணு மணிக்குக் கிளம்புற லாரியில இருக்கிறது எந்த நாள் சரக்குன்னு நினைக்கிற?"

கொழுந்தன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மறுபடியும் டின் ஒழுகும். அப்போது மருமகன் சிறைக்குள் இருப்பார், மெஷினில் இருக்க மாட்டார். எல்லோரும் அடுத்த ஆளைத் தேடுவார்கள். தேட வேண்டிய தூரம் அதிகம் இருக்காது.

"ரெண்டு பேரும் போயிடுவாங்க" என்றான் மெதுவாக.

"நட" என்றார் அண்ணி. மணி இரண்டு இருபத்தைந்து.

*

உள்பூச்சுப் பகுதியில் ஆறு மெஷின்கள். அடுப்பிலிருந்து சுடச்சுட வந்த டின்கள் தடத்தில் ஓடி ஒவ்வொன்றின் வாயிலும் புகுந்தன. சுழன்றன, நாசில் ஒரு தும்மல் தும்மியது, வெளியே வந்தன. ஆறாவது மெஷினுக்குப் போகிற தடம் மட்டும் தூணைச் சுற்றி வளைந்தது. வளைவில் டின்கள் அவ்வப்போது தடுமாறிச் சாய்ந்தன.

வளைவில் ஒரு பெண் நின்றாள். கண் வீங்கியிருந்தது. ஒரு டின் சாய்ந்தது. அவள் கையை நீட்டி, இரண்டு விரலை உள்ளே விட்டு, நிமிர்த்தி வைத்தாள். டின் போய்ப் பூச்சு வாங்கிக்கொண்டது. பார்க்காமலே செய்தாள். ஒன்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகப் போனது.

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். ஊகம் சரியாகிவிட்டதே என்று அவன் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

"அம்மா அனுப்பிச்ச சர்வேயர் நீங்கதானே?" அவள் ஓடி வந்தாள். "அவர் செய்யலை மேடம். அந்த மெஷினை வீட்டுல குழந்தையைப் பத்திப் பேசுற மாதிரி பேசுவார். அவராவது கெடுக்கிறதாவது! யாரோ மாட்டிவிட்டிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சுதா?"

"உன் கையைக் காட்டும்மா."

காட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. மேலே பளபளப்பாக ஒரு படலம்.

"என்ன போட்டிருக்கே?"

"களிம்பு. அம்மா ஆஸ்பத்திரியில சொல்லி வாங்கிக் கொடுத்தாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போடச் சொன்னாங்க, இல்லைன்னா ரத்தம் வருது." மேல்சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினாள். "எதுக்குக் கேக்குறீங்க?"

அண்ணிக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. எரிந்த வீட்டுக்காரர்களிடமே நேராகச் சொல்லிப் பழகியவர். அறுத்த டின்னைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். "சிவப்பா இருக்கிறது பூச்சு ஒட்டாத இடம். உன் ரெண்டு விரலை அதுமேல வச்சுப் பாரு."

அவள் வைத்தாள்.

பொருந்தியது. அவள் விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள். பின்னால் ஒரு டின் சாய்ந்தது, அவள் கை தானாக அதை நோக்கிப் போய், பாதியில் நின்றது. தன் கையையே யாருடைய கையோ என்பது போலப் பார்த்தாள்.

"அவருக்கு... தெரியுமா?"

"திங்கட்கிழமையிலிருந்து தெரியும்."

அவள் அழவில்லை. நாலு நாளாக அழுதவளுக்கு இப்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தூணில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. லைனை மொத்தமாக நிறுத்துகிற பொத்தான். தீப்பிடித்தால் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. அவள் நேராகப் போய் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

எல்லாம் நின்றது. முதலில் தடம், பிறகு சங்கிலி, பிறகு தூரத்தில் அந்த ராட்சசச் சக்கரம். அந்தக் கட்டடத்தில் பேச்சுச் சத்தம் கேட்பதே அதிசயம். இப்போது யாரோ ஒருவரின் இருமல் கேட்டது.

*

நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஃபோர்மேன் வந்தார், சோதனைப் பெண் வந்தாள். மேனேஜர் மூச்சு வாங்க வந்தார். லைன் நின்றதைக் கேட்ட மருமகனும் கிடங்கிலிருந்து தடுத்தவரைத் தள்ளிவிட்டு வந்துவிட்டார்.

"யாரு நிறுத்தினது?" மேனேஜர் கத்தினார்.

"நான்தான். அந்தப் பொட்டும் நான்தான். என் விரல், என் களிம்பு. அவர் ஒண்ணும் செய்யலை. லாரியை அனுப்பாதீங்க சார், நாலு நாளா நான்தான் இங்க நிக்கிறேன்."

"சார், அவ பொய் சொல்றா!" மருமகன் குறுக்கே பாய்ந்தார். "நான் எழுதிக் கொடுத்திருக்கேன். அதுதான் கணக்கு."

"நீங்க சும்மா இருங்க!" அவள் புருஷனைப் பார்த்து எரிந்து விழுந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திங்கட்கிழமையே கையை எடுத்திருப்பேன். நாலு நாள் என்னை இங்க நிக்க வச்சு வேடிக்கை பார்த்தீங்களா?"

"சொன்னா நீ அழுவே."

"இப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டா இருக்கேன்?"

மேனேஜர் கையை உயர்த்தினார். "போதும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. நல்லதாப் போச்சு, ரெண்டு பேரையும் ஒப்படைச்சிடுறேன். உள்ளே விரல் விட்டுத் தூக்கினா சரக்கு கெடும்னு தெரியாம இருக்குமா? புத்தி உள்ளவன் எவனாவது அப்படித் தூக்குவானா?"

மணி இரண்டு ஐம்பது. கொழுந்தன் அண்ணியைத் தவிப்போடு பார்த்தான். அண்ணி பதறவில்லை. தடத்துக்குக் கீழே, வளைவில் சாய்ந்து உருண்டு விழுந்த ஒரு டின் மேனேஜரின் காலடியில் கிடந்தது. அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் பிடித்தார்.

"சரி சார். ஒப்படைக்கிறதுன்னா சாட்சியும் சேர்த்துக் கொடுக்கணும். அந்த டின்னை எடுத்து இதுல போடுங்க."

மேனேஜர் எரிச்சலோடு குனிந்தார். எடுத்தார். பைக்குள் போடப் போனார்.

ஃபோர்மேன்தான் முதலில் பேசினார், பழைய நாள் ஞாபகத்தில் மரியாதைகூட மறந்துபோய். "தம்பி... உன் கையைப் பாரு."

மேனேஜர் பார்த்தார். அவருடைய ஆள்காட்டி விரலும் நடு விரலும் டின்னுக்குள் இருந்தன. விரிந்திருந்தன.

"புத்தி உள்ளவர்தான்" என்றான் கொழுந்தன். வாய் சும்மா இருக்குமா?

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "அங்க அது பாடம், இங்க அது குத்தம். ஒன்பது வருஷம் ஒரு கைக்குப் பழக்கினதை, இடம் மாத்தும்போது மாத்திக்கச் சொல்லணும் இல்லையா? இந்தப் பொண்ணுகிட்ட அதை யார் சொன்னது? மாத்தின உத்தரவுல யார் கையெழுத்து?"

மேனேஜர் அந்த டின்னைக் கீழே வைக்கவும் இல்லை, பைக்குள் போடவும் இல்லை. மெதுவாகச் சொன்னார். "ஒரு ஆள் கெடுத்தான்னு எழுதினா அந்த ஒரு ஆள் போவான். சொல்லிக் கொடுக்கலைன்னு எழுதினா நான் போகணும். எனக்கும் வீடு இருக்கு மேடம்."

"உங்க வீட்டைக் காப்பாத்த இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. லாரி இந்த வாசலைத் தாண்டுற வரைக்கும் இது தெரியாம நடந்த தப்பு. தாண்டினதுக்கு அப்புறம் தெரிஞ்சே நடந்தது. இத்தனை பேர் சாட்சி."

மேனேஜர் சுற்றிப் பார்த்தார். ஃபோர்மேன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், திட்டாமல், வருத்தமாக. அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. போனை எடுத்தார்.

"ரெண்டு லாரியையும் நிறுத்து. சரக்கை இறக்கு. போலீஸ் வந்தா... தேவையில்லைன்னு சொல்லு. நானே வந்து பேசுறேன்." பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மருமகனிடம் நீட்டினார். "நீங்களே கிழிச்சுடுங்க."

மருமகன் அதைக் கிழிக்கத் தெம்பில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள்தான் பிடுங்கிக் கிழித்தாள்.

*

வாசலில் நர்ஸம்மா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றதில் முகம் கறுத்திருந்தது. மகளும் மருமகனும் சேர்ந்து வெளியே வருவதைப் பார்த்ததும் கையைப் பிசைய ஆரம்பித்தார்.

"விட்டுட்டாங்களா? யார் செஞ்சதாம்? கண்டுபிடிச்சீங்களா?"

கொழுந்தன் கார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அண்ணி காரின் கதவைத் திறப்பதில் மும்முரமானார்.

"மெஷின் கோளாறு அத்தை" என்றார் மருமகன் அவசரமாக. "சரியாயிடுச்சு. கிளம்பலாம்."

"பொய்" என்றாள் மகள். "நான்தாம்மா. டின்னுக்குள்ள என் விரல் பட்டது. விரல்ல பிசுக்கு இருந்ததால பூச்சு ஒட்டலை. இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்குப் பதிலா ஜெயிலுக்குப் போறேன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."

நர்ஸம்மா மருமகனைப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பார்த்தார். முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்த கண். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"என்ன பிசுக்கு?" என்றார். மகள் கையைப் பின்னால் மறைத்தாள். "நான் கொடுத்த களிம்பா?"

"களிம்பு நல்ல களிம்புதான் அத்தை" என்றார் மருமகன். "டின்னுக்குத்தான் ஒத்துக்கலை. அவ கைக்கு நல்லாக் கேக்குது. நிறுத்திடாதீங்க."

நர்ஸம்மா திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது குரலே வேறாக இருந்தது.

"நாலு நாளா நான் போடாத சாபம் இல்ல. நீங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே. ஏன் மாப்பிள்ளை?"

"அவளுக்கு அம்மா நீங்க ஒருத்தர்தானே அத்தை. உங்களால ஆச்சுன்னு தெரிஞ்சா நீங்க தூங்குவீங்களா?"

நர்ஸம்மா முன்னால் வந்து, நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத அந்த மனிதரின் கையைப் பிடித்து, நாடி பார்ப்பது போலப் பிடித்துக்கொண்டே காரை நோக்கி நடந்தார்.